சிலிண்டர் இருக்கிறது, சாவி எங்கே?

ஐந்தடி உயரம். கறுப்பு உடல், வெள்ளைத் தோள். சுவரோரம் சங்கிலி போட்டு நிறுத்தப்பட்டிருந்தது அந்த ஆக்சிஜன் சிலிண்டர். உள்ளே ஏழாயிரம் லிட்டர் உயிர்க்காற்று. எதிரே, நான்கு முழத் தொலைவிலே, இரும்புக் கட்டிலின் மீது, காற்றுக்கு வாய் பிளந்து கிடந்தார் ஒரு லாரி ஓட்டுநர். கல்கத்தா வரை வண்டி ஓட்டிச் சென்று திரும்பிய கரங்கள் கட்டில் சட்டத்தைப் பற்றிக்கொண்டு நடுங்கின.

2021-ஆம் ஆண்டு மே மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஓர் ஊர். அந்த ஊரிலே ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் பழி ஓர் இடத்தோடு நின்றுவிடும். நாம் பேச வந்திருப்பதோ எல்லா இடத்துக்கும் பொதுவான நோய்.

ஓடிக்கொண்டிருந்த சிலிண்டர் தீர்ந்துவிட்டது. புது சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டார்கள். பழையதிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டும்; புதியதிலே பூட்ட வேண்டும்; வால்வைத் திறக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை. ஆனால் அதற்கு ஒரு சாவி வேண்டும். உள்ளங்கை அகலத்து இரும்புச் சாவி.

"சாவி எங்கீங்க சிஸ்டர்?" என்று அலறினார் ஓட்டுநரின் மனைவி.

"பக்கத்து வார்டுல எடுத்துட்டுப் போயிட்டாங்கம்மா, இருங்க, இதோ வாங்கிட்டு வந்தர்றேன்" என்று ஓடினார் செவிலியர். அந்த ஒரு செவிலியருக்கு அன்றிரவு எத்தனை கட்டில் பொறுப்பு தெரியுமா? நாம் எண்ணிப் பார்த்தோம்: முப்பத்தெட்டு!

பக்கத்து வார்டிலே சாவி இல்லை. மாடியிலே இருந்தது. சாவி வந்து சேரக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரமும் அந்த அம்மையார் முந்தானையால் கணவரின் முகத்துக்கு விசிறிக்கொண்டே நின்றார். ஏழாயிரம் லிட்டர் உயிர்க்காற்று பக்கத்திலே இருக்க, முந்தானைக் காற்றை வீசிக்கொண்டு நின்றார்!

ஓட்டுநர் பிழைத்தார். மகிழ்ச்சி. ஆனால் முன்போல இரவும் பகலும் வண்டி ஓட்ட அவரால் முடியவில்லை. பாடி கட்டும் பட்டறையிலே உட்கார்ந்து வேலை பார்க்கிறார். பிழைக்காமற் போயிருந்தால் ஏட்டிலே என்ன எழுதியிருப்பார்கள்? "மூச்சுத் திணறலால் மரணம்" என்று எழுதியிருப்பார்கள். "சாவி இல்லாததால் மரணம்" என்று எந்த மரணச் சான்றிதழிலாவது எழுதப்பட்டதுண்டா, தோழர்களே?

அதனால்தான் இன்று எழுதுகிறோம். ஆக்சிஜன் எத்தனை டன் என்பதைப் பற்றி நாடு பேசிப் பேசி அலுத்துவிட்டது. தொட்டியிலிருந்து மூக்கு வரையிலே உள்ள அந்தக் கடைசி நான்கு முழத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை. ஏழையின் உயிர் ஊசலாடுவது அந்த நான்கு முழத்திலேதான்!

மருத்துவர் வேலையில் நமக்கென்ன அக்கறை என்று எண்ணிவிட வேண்டாம். லேத்தையும் தறியையும் டீசல் பம்பையும் கழற்றி மாட்டத் தெரிந்தவர்கள் நம் தோழர்கள். மருத்துவமனைக் கருவி மட்டும் புரியாத மந்திரமா? புரியாத வரையிலேதான் அது மந்திரம். புரிந்துவிட்டால் அதுவும் ஓர் எந்திரம். விளக்குவோம், கேளுங்கள்.

நாம் சுவாசிக்கும் காற்றிலே நூற்றுக்கு 21 பங்கு ஆக்சிஜன். நல்ல நுரையீரலுக்கு அது போதும். நுரையீரல் நோயுற்றால் போதாது. பங்கைக் கூட்டியாக வேண்டும். எப்படிக் கூட்டுவது, எவ்வளவு கூட்டுவது என்பதற்குத்தான் விதவிதமான கருவிகள்.

முதலாவது, மூக்கிலே இரண்டு சிறு முனைகளைச் செருகும் மெல்லிய குழாய். நிமிடத்துக்கு ஒரு லிட்டரிலிருந்து ஆறு லிட்டர் வரை அதிலே விடலாம். 21 பங்கு என்பது ஏறத்தாழ 40 பங்கு வரை உயரும். நோயாளி பேசலாம், கஞ்சி குடிக்கலாம்.

இரண்டாவது, சாதாரண மாஸ்க். மூக்கையும் வாயையும் மூடுவது. இதற்கு ஐந்து லிட்டருக்குக் குறையாமல் விட வேண்டும். "சிக்கனம் செய்வோம்" என்று இரண்டு லிட்டர் விட்டால், நோயாளி தான் விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப இழுப்பார். சிக்கனம் அல்ல, சித்திரவதை!

மூன்றாவது, பை தொங்கும் மாஸ்க். மூச்சை இழுக்கும்போது பையிலிருந்து ஆக்சிஜன் வரும். விட்ட மூச்சு பைக்குள் புகாதபடி வால்வு தடுக்கும். பத்திலிருந்து பதினைந்து லிட்டர் வரை விட வேண்டும். முகத்திலே சரியாகப் பொருந்தினால் இந்த மூன்றிலும் மிகுதியாக ஆக்சிஜன் தருவது இதுதான். ஆனால் ஒன்றை மறவாதீர்: மூச்சிழுக்கும்போதும் அந்தப் பை உப்பியபடியே இருக்க வேண்டும். ஒட்டிச் சுருங்கினால், வரத்து போதவில்லை என்று பொருள். பக்கத்திலே இருப்பவர் உடனே செவிலியரை அழைக்க வேண்டும். இதைக் காண டாக்டர் பட்டம் வேண்டாம். இரு கண் போதும்.

நான்காவது, வென்சூரி மாஸ்க். இது அளந்து கொடுக்கும் கருவி. நிறம் நிறமாக அடைப்பான்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் அளவு: 24, 28, 35, 40 என்று. 1960-இலே மோரன் கேம்பெல் என்ற மருத்துவர் இதை உலகுக்குத் தந்தார். ஏன் அளந்து கொடுக்க வேண்டும்? பஞ்சாலைத் தூசியும் கல்குவாரிப் பொடியும் அடுப்புப் புகையும் பீடியும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அரித்த நெஞ்சுக்கு ஆக்சிஜனை அள்ளிக் கொட்டக் கூடாது. கொட்டினால் கரியமில வாயு உடலிலே தேங்கி, நோயாளி அப்படியே மயங்கிப் போவதுண்டு. தாகத்தால் தவித்தவனுக்குக் குடம் குடமாகத் தண்ணீரைப் புகட்டி மூச்சடைக்கச் செய்வதைப்போல! மேலைநாடுகளிலே 1940-களிலும் 50-களிலும் குறைமாதக் குழந்தைகளுக்கு அளவின்றி ஆக்சிஜன் கொடுத்து, ஆயிரக்கணக்கான குழந்தைகளின் பார்வையைப் பறித்துவிட்ட கொடுமையும் நடந்தது. ஆக்சிஜன் காற்றுதானே என்று எண்ணக் கூடாது. அது மருந்து, மருந்துக்கு அளவு உண்டு.

ஐந்தாவது, மூக்கு வழியே வேகமாகச் செலுத்தும் எந்திரம். காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து, சூடாக்கி, ஈரமாக்கி, நிமிடத்துக்கு 60 லிட்டர் வரை தள்ளும். அதற்கும் மேலே போனால் தொண்டையில் குழாய் இறக்கி மூச்சுவிட வைக்கும் வென்டிலேட்டர்.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். பெரிய சிலிண்டரிலே ஏழாயிரம் லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் இரண்டு நாளுக்கு மேல் வரும். 15 லிட்டர் என்றால் எட்டு மணி நேரம்கூட வராது. 60 லிட்டரையும் ஆக்சிஜனாகவே விட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் காலி! ஆகவே "எங்களிடம் இத்தனை சிலிண்டர் இருக்கிறது" என்று எவராவது மார்தட்டினால், "எந்தக் கருவியிலே, எத்தனை லிட்டரிலே, எத்தனை மணி நேரத்துக்கு?" என்று திருப்பிக் கேளுங்கள். கணக்கு தெரிந்தவனை ஏய்ப்பது கடினம்.

கொல்லிமலையை எண்ணிப் பாருங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள். மலைமேல் ஒரு தாய்க்கு மூச்சுத் திணறல். ஆம்புலன்ஸ் வருகிறது, நாம் வரவேற்கிறோம். 2008 செப்டம்பரிலே கலைஞர் ஆட்சியில் 108 வண்டி வந்தபின் எத்தனையோ உயிர் பிழைத்தது. ஆனால் வண்டிக்குள்ளே இருப்பது ஆயிரத்து ஐந்நூறு லிட்டர் கொள்ளும் சிறிய சிலிண்டராக இருந்து, பதினைந்து லிட்டர் வேகத்திலே கொடுக்க வேண்டியதானால், நூறு நிமிடத்திலே தீர்ந்துவிடும். புறப்படுமுன் ரெகுலேட்டர் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போட்ட கை ஒன்று வேண்டும் அல்லவா? அந்தக் கைதான் உயிர் காக்கும் கை.

நாமக்கல் தோழர்கள் கேட்கக்கூடும்: "கேஸ் டேங்கர் லாரிக்குப் பேர்போன ஊர் நம் ஊர். இந்தியா முழுவதும் ஓடுகிறதே நம் வண்டி! 2021-இலே ஆக்சிஜன் ஏற்ற வண்டி இல்லை என்று நாடே தவித்தபோது நம் வண்டிகளிலே ஏற்றியிருக்கக் கூடாதா?" நல்ல கேள்வி. சமையல் வாயுவை அழுத்தம் கொடுத்தே திரவமாக்கிவிடலாம். ஆக்சிஜன் அப்படி அடங்காது. சுழிக்குக் கீழே 183 டிகிரி வரை குளிரூட்டினால்தான் அது திரவமாகும். அந்தக் குளிரிலே சாதாரண இரும்பு கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே ஒன்றுக்குள் ஒன்றாக இரட்டைச் சுவர், நடுவிலே வெற்றிடம் என்று பிளாஸ்க்கைப்போலக் கட்டிய தனி வண்டி வேண்டும். அப்படிப்பட்ட வண்டி நாட்டிலே போதவில்லை. நைட்ரஜனும் ஆர்கானும் ஏற்றிய வண்டிகளைச் சுத்தம் செய்து மாற்றினார்கள். ஒரு லிட்டர் திரவம் விரிந்தால் ஏறத்தாழ 860 லிட்டர் காற்று. அத்தகைய சரக்கை, உறங்காமல் ஓட்டிவந்து சேர்த்தவன் யார்? நம்மைப்போன்ற ஓட்டுநன்! அவன் பெயரை எந்தப் பலகையிலும் பொறிக்கவில்லை.

சரி, அந்தக் காற்று எங்கிருந்து வந்தது? இங்கேதான் சேலம் தலைநிமிர வேண்டும்.

கஞ்சமலை அடிவாரத்திலே இரும்பு இருக்கிறது, எங்களுக்கு உருக்காலை வேண்டும் என்று கேட்டோம். ஆண்டுக்கணக்கில் டில்லி செவிசாய்க்கவில்லை. 1967-இலே அண்ணா முதலமைச்சரானதும், அந்த ஆண்டு ஜூலையிலே எழுச்சி நாள் கொண்டாடி, சேலம் உருக்காலையும் சேதுக் கால்வாயும் வேண்டும் என்று தமிழகம் குரல் எழுப்பியது. "உருக்காலை என்ன, மிட்டாய்க் கடையா, கேட்டவுடன் திறக்க?" என்று எள்ளி நகையாடியோரும் உண்டு. 1970 செப்டம்பர் 16 அன்று இந்திரா காந்தி அடிக்கல் நாட்டினார். அதைக் காண அண்ணா இல்லை. 1982-இலே ஆலை ஓடத் தொடங்கியது.

எதற்குச் சொல்கிறோம்? எஃகு வடிக்கும் உலைக்கு ஆக்சிஜன் வேண்டும். உருகிய குழம்பிலே உள்ள கரியை எரித்து வெளியேற்ற அது பயன்படும். எங்கே எஃகு உருகுகிறதோ அங்கே ஆக்சிஜன் இருக்கும். 2021 மே மாதம், மருத்துவமனைகளிலே கட்டில் இல்லை, காற்று இல்லை என்று மக்கள் கதறியபோது, அதே சேலம் உருக்காலை வளாகத்திலே 500 ஆக்சிஜன் படுக்கைகள் போடப்பட்டன. மே 20 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் வந்து திறந்துவைத்தார். மேட்டூர்ப் பக்கம் பொட்டனேரியிலே உள்ள தனியார் எஃகு ஆலையும் மருத்துவ ஆக்சிஜன் கொடுத்தது.

1967-இலே முழக்கமிட்டவர்கள் வேலைக்காகக் கேட்டார்கள். பாட்டாளியின் வயிற்றுக்காகக் கேட்டார்கள். ஐம்பத்து நான்கு ஆண்டு கழித்து அது அவர்களுடைய பேரன் பேத்திகளின் மூச்சுக்குப் பயன்பட்டது! அதே ஆலையைத்தான் 2019 ஜூலையிலே டில்லி விலை பேசியது. வாங்க விரும்புவோர் வருக என்று அழைத்தது. தொழிலாளர்கள் குடும்பத்தோடு தெருவுக்கு வந்து போராடினார்கள். விற்பவனுக்கு அது இரும்புக் கொட்டகை. மூச்சுமுட்டியவனுக்கு அது என்ன என்பதை இரண்டே ஆண்டிலே காலம் காட்டிவிட்டது.

டில்லியைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லியாக வேண்டும். அந்த ஏப்ரலிலே, எந்த மாநிலத்துக்கு எத்தனை டன் ஆக்சிஜன் என்று டில்லியே பங்கு போட்டது. தமிழகத்துக்கு 220 டன். நம்முடைய தேவையோ அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு, ஸ்ரீபெரும்புதூரிலே உற்பத்தியானதை வெளிமாநிலத்துக்குத் திருப்பினார்கள். அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, நமக்கு அரசியலில் எதிரணி; எனினும், "திருப்பாதீர்" என்று டில்லிக்கு மடல் எழுதினார். சரியாகத்தான் எழுதினார், சொல்ல நாம் தயங்கோம். மே 7-இலே ஆட்சி மாறியது. புதிய முதலமைச்சரும் வந்த அன்றே எழுதினார். பிறகுதான் 220 என்பது 419 ஆயிற்று. மே 14-இலே துர்க்காப்பூரிலிருந்து முதல் ஆக்சிஜன் ரயில் சென்னைக்கு வந்தது. ஆந்திரத்தானும் தெலுங்கானாக்காரனும் நம் உடன்பிறப்பே. அவனுக்குக் கொடுப்பதிலே நமக்கு வருத்தமில்லை. நம்முடைய மூச்சை எண்ணும் அதிகாரத்தை நம்மைக் கேட்காமல் எடுத்துக்கொண்டார்களே, அதுதான் வருத்தம்.

ஆனால், தோழர்களே, குற்றம் முழுவதையும் டில்லியின் தலையிலே சுமத்திவிட்டுத் தூங்கிவிடக் கூடாது. டன் கணக்கு டில்லியிலே. நான்கு முழக் கணக்கு நம் ஊரிலே! அந்த நான்கு முழத்திலே நடந்தவற்றைப் பாருங்கள்.

கோரக்பூர், 2017 ஆகஸ்ட். ஆக்சிஜன் கொடுத்தவருக்குப் பாக்கி தீர்க்கவில்லை; வரத்து தடைப்பட்டது. குழந்தைகள் மாண்டன. சாவுக்குக் காரணம் அதுவல்ல என்று வாதாடியது அந்த மாநில அரசு.

நாசிக், 2021 ஏப்ரல் 21. தொட்டி நிறைய ஆக்சிஜன். நிரப்பும்போது கசிவு, குழாயிலே அழுத்தம் வீழ்ந்தது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர்.

செங்கல்பட்டு, 2021 மே 4 நள்ளிரவு. சில மணி நேரத்திலே 13 பேர் மாண்டனர். அழுத்தம் குறைந்தது என்று கதறினர் உறவினர். தட்டுப்பாடு இல்லை என்றனர் அதிகாரிகள்.

இந்தூர், 2016 மே. புதிய அறுவை அரங்கம். சுவருக்குள் ஓடிய குழாய்களிலே ஆக்சிஜன் குழாயும் நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுக் குழாயும் இடம் மாறிப் பூட்டப்பட்டிருந்தன. இரண்டு குழந்தைகள் மாண்டன.

நம் தமிழகத்திலேயே, நாகர்கோவிலிலே, 2011-இலே, ஒரு தாய்க்கு ஆக்சிஜன் என்று எண்ணி நைட்ரஸ் ஆக்சைடு கொடுக்கப்பட்டது. நினைவிழந்தவர் மீளவில்லை. குடும்பத்துக்கு இழப்பீடு கொடுக்குமாறு பின்னர் உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

எண்ணிப் பாருங்கள். இத்தகைய மாறாட்டம் நேராமலிருக்க விஞ்ஞானி எவ்வளவு பாடுபட்டிருக்கிறான்! ஆக்சிஜன் சிலிண்டருக்கு வெள்ளைத் தோள். நைட்ரஸ் ஆக்சைடுக்கு நீல நிறம். மயக்க மருந்து கொடுக்கும் பாயில்ஸ் எந்திரத்திலே சிலிண்டர் உட்காரும் இடத்திலே இரண்டு ஊசி முனைகள். ஒவ்வொரு வாயுவுக்கும் முனை இருக்கும் இடம் வேறு. இடம் மாறினால் சிலிண்டர் பொருந்தவே பொருந்தாது. சுவரிலே செருகும் முனைகளும் அப்படியே. ஆனாலும் சுவருக்குப் பின்னால் குழாயைப் பொருத்தியவனையும், பொருத்தியதைச் சரிபார்க்க வேண்டியவனையும் எந்த ஊசி முனை தடுக்கும்? கருவி எவ்வளவு அறிவுடையதாயினும், அதைக் கண்காணிக்கும் மனிதனைக் குறைந்த கூலிக்கு, ஒப்பந்தத்திலே, பயிற்சியின்றி, ஓய்வின்றி நிறுத்தினால் கருவி தோற்கும்.

இன்னுமொரு செய்தி. இது நம் தோலைத் தொடும் செய்தி.

விரலிலே மாட்டினால் இரத்தத்திலே ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் சிறிய கருவியை இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காணலாம். 1970-களின் தொடக்கத்திலே அதன் தத்துவத்தைக் கண்டறிந்தவர் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி. உலகம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தக் கருவி ஒளியைத் தோலுக்குள் செலுத்தி அளக்கிறது. தோல் கறுத்திருந்தால்? 2020 டிசம்பரிலே அமெரிக்க மருத்துவ ஏடு ஒன்றிலே மிச்சிகன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்: கருவி 92-லிருந்து 96 வரை காட்டியபோது, உண்மையிலே 88-க்குக் கீழே போய்விட்டிருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளிலே நூற்றுக்கு ஏறத்தாழ 12 பேர், வெள்ளை நோயாளிகளிலே ஏறத்தாழ 4 பேர். அதாவது, கறுப்புத் தோலுக்கு அந்தக் கருவி மும்மடங்கு பொய் சொன்னது!

வெயிலிலே வெந்த நம் தோழனின் தோலுக்கு எந்தத் தோலை வைத்து அளவுகோல் செய்தார்கள்? கருவி சாதி பார்க்கவில்லை, நிறம் பார்க்கவில்லை. அதைச் சோதித்தவர்கள் எவரெவர் விரலிலே மாட்டிச் சோதித்தார்கள் என்பதே கேள்வி. பலவகைத் தோல் நிறங்களிலும் சோதிக்க வேண்டும் என்ற வரைவு நெறியை அமெரிக்காவின் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியிலேதான் வெளியிட்டது. அதற்காகக் கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அது எத்தனையோ உயிரைக் காத்த கருவி. ஆனால் எண்ணை மட்டும் நம்பிவிடாதீர். நிமிடத்துக்கு முப்பது தடவை மூச்சு இரைக்கிறதா, ஒரு வரி பேச முடியவில்லையா, உதடு நீலம் பாய்கிறதா, எண் எதைச் சொன்னாலும் மருத்துவரை அழையுங்கள்.

"இதற்கெல்லாம் கோடி கோடியாய்ப் பணம் வேண்டுமே" என்பார் சிலர். தாக்காவைப் பார்க்கட்டும். பணக்கார நாடல்ல வங்காள தேசம். அங்கே முகமது ஜோபாயர் சிஷ்டி என்ற மருத்துவர், நிமோனியா கண்ட குழந்தைகள் கண்ணெதிரே மாண்டதைக் காணப் பொறுக்காமல் ஒரு வழி கண்டார். குழந்தை வெளிவிடும் மூச்சுக் குழாயின் முனையை, நீர் நிரப்பிய ஷாம்பு பாட்டிலுக்குள் அமிழ்த்தினார். குமிழி குமிழியாகக் காற்று வெளியேறும்போது உண்டாகும் சிறு அழுத்தம், குழந்தையின் நுரையீரல் சுருங்கி ஒட்டிவிடாமல் தாங்கிக்கொண்டது. 2015-இலே அந்த ஆய்வு லான்செட் ஏட்டிலே வந்தது. சாதாரண முறையிலே ஆக்சிஜன் பெற்ற குழந்தைகளிலே நூற்றுக்கு 15 மாண்டன. குமிழி முறையிலே 4. வெறும் பாட்டில் மட்டும் காத்துவிடவில்லை; பயிற்சி பெற்ற செவிலியர் பக்கத்திலே நின்று பார்த்துக்கொண்டதும் சேர்ந்தே காத்தது. பணம் வேண்டும், மறுக்கவில்லை. பணத்துக்கு முன்னே மனம் வேண்டும் என்கிறோம்.

2021-க்குப் பிறகு நாடெங்கும், காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும் நிலையங்கள் ஆயிரத்துக்கு மேல் நிறுவினார்கள். ரிப்பன் வெட்டினார்கள், படம் எடுத்தார்கள். நாமக்கல்லுக்கு 2022 ஜனவரியிலே மருத்துவக் கல்லூரியும் திறந்தார்கள், பெருமைப்படுகிறோம். ஆனால் ஆக்சிஜன் நிலையத்துக்கு வடிகட்டி மாற்ற வேண்டும், மின்சாரம் வேண்டும், கம்ப்ரசருக்குப் பழுது பார்க்க வேண்டும், அதற்கென்று ஓர் ஆள் வேண்டும். ஓடாத எந்திரம் துருப்பிடிக்கும் என்பதைத் திருச்செங்கோட்டு ரிக் வண்டித் தோழருக்கு நாம் சொல்லித்தர வேண்டுமா? உலகத்திலே 500 கோடி மக்களுக்கு மருத்துவ ஆக்சிஜன் எட்டாக்கனி என்று 2025-இலே பன்னாட்டு ஆய்வுக்குழு ஒன்று கூறியது. அந்த 500 கோடியிலே நம் வீட்டு ஆள் இருக்கக் கூடாது.

ஆகவே கோட்டையிலே அமர்ந்திருப்பவர் யாராயினும், நம்மவராயினும் மாற்றாராயினும், நாம் கேட்பது இவை:

ஒவ்வொரு வார்டிலும் சிலிண்டர் சாவி, சங்கிலியிலே கட்டி, சிலிண்டரோடு தொங்க வேண்டும். அதன் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு.

வகை வகையான மாஸ்க்கும் மூக்குக் குழாயும் பெரியவருக்கும் குழந்தைக்கும் தனித்தனியே இருப்பிலே இருக்க வேண்டும்.

இரவும் பகலும் ஆக்சிஜன் குழாயையும் அழுத்தத்தையும் பார்க்கப் பயிற்சி பெற்ற ஊழியர், நிரந்தர ஊழியர், ஒவ்வொரு பெரிய மருத்துவமனையிலும் வேண்டும். புதுக் குழாய் பூட்டினால், எந்த முனையிலே எந்த வாயு வருகிறது என்று கருவி வைத்துச் சோதித்துக் கையெழுத்திட்ட பிறகே நோயாளியைக் கொண்டுவர வேண்டும்.

முப்பத்தெட்டுக் கட்டிலுக்கு ஒரு செவிலியர் என்ற கொடுமை ஒழிய வேண்டும்.

நமக்கும் வேலை இருக்கிறது. கிளைத் தோழர்களே, உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு இருவராகச் செல்லுங்கள். கூட்டமாய்ப் போய்க் கூச்சல் போட வேண்டாம்; அங்கே இருப்பவரும் உழைப்பாளியே. பணிவோடு கேளுங்கள்: "சிலிண்டர் எத்தனை? முள் எங்கே நிற்கிறது? பை மாஸ்க் இருக்கிறதா? விரல் கருவிக்கு பேட்டரி இருக்கிறதா? இரவிலே யார் பொறுப்பு?" இல்லை என்றால் குறித்துக்கொள்ளுங்கள், எழுதுங்கள், ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் அனுப்புங்கள். ஓர் எச்சரிக்கையும் உண்டு. பட்டறைத் தோழர் எவராவது, வால்வு இறுகியிருக்கிறதே என்று எண்ணெயோ கிரீஸோ போட்டுவிடாதீர்! உள்ளே இருக்கும் அழுத்தம் லாரி டயரிலே இருப்பதைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு. அந்த அழுத்தத்திலே பாயும் ஆக்சிஜன் எண்ணெயைத் தொட்டால் தீப்பிடிக்கும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே கூடாது.

ஐம்பது ஆண்டுக்கு முன் உருக்காலை கேட்டோம், பெற்றோம். உருக்காலையிலிருந்து உயிர்க்காற்று வந்தது. அந்தக் காற்று கஞ்சமலையிலிருந்து கட்டில் வரை வந்து, கட்டிலண்டை வந்து, நான்கு முழத்திலே நின்றுவிடலாமா?

கடைசியாகக் கேட்ட கேள்வியையே மறுபடியும் கேட்கிறோம். நாளை உங்கள் ஊர் மருத்துவமனையிலே அந்தக் கேள்வியை நீங்கள் கேளுங்கள். சிலிண்டர் இருக்கிறது, தோழரே. சாவி எங்கே?